ஒரு இஞ்சுக்கு எட்டு நூல்

முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவன் நான். இடியம் பாடம் வந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். அதிலும் 'இஞ்ச்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் மணி அடித்தாலும் விடமாட்டேன். பன்னிரண்டு இஞ்ச் சேர்ந்தால் ஒரு அடி என்பதோடு கணக்கு வாத்தியாருக்கு வேலை முடிந்தது, எனக்கு அங்கேதான் ஆரம்பம் என்று பீற்றிக்கொள்வேன். 'எவ்ரி இஞ்ச்' என்றால் உச்சி முதல் உள்ளங்கால் வரை. 'இஞ்ச் பை இஞ்ச்' என்றால் கொஞ்சம் கொஞ்சமாக. 'நாட் பட்ஜ் அன் இஞ்ச்' என்றால் இம்மிகூட நகர மாட்டேன் என்கிற பிடிவாதம். இதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்டால், "ரயில்வே கேட்டுல நிக்கிற பஸ் சார்!" என்று நாலு குரல் சேர்ந்து வரும். அடிக்கடி மூடிக்கிடக்கும் அந்த கேட்டைப் பார்த்தே நீடாமங்கலத்தில் வளர்ந்த பிள்ளைகள் வேறு என்ன சொல்லும்?

எனக்குப் பிடித்தது 'வித்தின் அன் இஞ்ச்'. சாவின் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்தவனைப் பற்றிச் சொல்வது. "இங்கிலீஷ்காரன் உயிருக்கும் சாவுக்கும் நடுவுல ஒரு இஞ்ச் விடறான். நாம கருமி. மயிரிழையில தப்பிச்சான்னு ஒரே ஒரு மயிரைத்தான் விடறோம்" என்பேன். வகுப்பே சிரிக்கும். நல்ல வாத்தியார் என்று எனக்குக் கிடைத்த பெயரில் பாதி அந்தச் சிரிப்பால் வந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே அந்தச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. ஊர் வாயில் அது 'இஞ்சு'. பக்கத்து வயல்காரர் நடவு வயலில் ரெண்டு இஞ்சு தண்ணி நின்றால் போதும் என்பார். முக்கால் இஞ்சுக் குழாய், நாலு இஞ்சு போர்வெல், நாற்பத்து மூணு இஞ்சு டிவி. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரி என் மனைவிதான். முன்னறையில் தையல் மெஷின் போட்டு, கழுத்தில் இஞ்சு டேப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குத்தாலத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் தெருப் பெண்கூடத் தாய்வீட்டுக்கு வரும்போது ரவிக்கைத் துணியைச் சேர்த்து எடுத்துவந்து இவளிடம்தான் கொடுக்கும். அப்படி ஒரு கை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரவிக்கையோ சுடிதாரோ, இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இஞ்சு துணியைக் கூடுதலாக விட்டுத்தான் தைப்பாள். "உள்ள ஒரு இஞ்சு விட்டிருக்கேன். ஒடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்" என்று சொல்லித்தான் கொடுப்பாள். துணி மிச்சம் பிடிக்கத் தெரியாதவள் என்று நான் கிண்டல் செய்வேன். "நீங்க இஞ்சுக்கு அர்த்தம் சொல்றீங்க. நான் அதை வெட்டித் தைக்கிறேன். யாரு வேலை கஷ்டம்?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். முப்பது வருஷமாக இந்தச் சண்டை முடியவில்லை.

போன சம்பா அறுவடை நேரம். தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தாள். ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். எதிரே லாரி வந்தது, இவள் நெல் மேல் ஏற்றினாள், சக்கரம் வழுக்கிவிட்டது. முதுகெலும்பில் அடி. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் நின்றது, இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. வித்தின் அன் இஞ்ச் என்று டாக்டரே என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். எத்தனை வருஷம் அதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன் என்று நினைத்தபோது எனக்கு வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

நெல் காயப்போட்டவன் யாரென்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அவனைத் திட்டித் தீர்ப்பேன். படுத்தபடியே அவள்தான் அடக்குவாள். "ஈரம் இருந்தா கொள்முதல் நிலையத்துல நெல்ல எடுக்க மாட்டாங்க. அவன் எங்க கொண்டுபோய்க் காய வைப்பான்? விடுங்க." விடச் சொன்னால் விட்டுவிடுகிற ஆள் இல்லை நான். ஆனாலும் அவள் எதிரில் திட்டுவதை நிறுத்தினேன்.

ஐந்து மாதம் ஆயிற்று. கைகள் பலமாக இருக்கின்றன, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறக் கற்றுக்கொண்டுவிட்டார், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள் டாக்டர்கள். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "வீட்டுக்கு வந்தா எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். பாத்ரூமுக்கு நானே போகணும், நானே வரணும். கூட யாரும் வரக் கூடாது. நீங்களும்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் வந்தா என்ன? முப்பது வருஷமா புருஷன்தானே?"

"அதனாலதான் சொல்றேன்" என்றாள்.

ஐந்து மாதமாக அவளைக் குளிப்பாட்டியதும், துடைத்ததும், துணி மாற்றியதும் நானோ ஒரு ஆயாம்மாவோதான். துணித் திரைக்கு அந்தப் பக்கம் யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். வலியால் மூடுகிறாள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலியை வாங்கி அவளுக்கு முன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் பத்து நாள் இருந்தது. ஒரு வீம்பில் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாத்ரூம் வரை போனேன். வாசலுக்கு எதிரே தூக்கித் திருப்பி வைத்துத் தள்ளியதும் நிலையில் முட்டி நின்றது. பின்னால் இழுத்து மறுபடி தள்ளினேன். மறுபடி முட்டியது. அவளுடைய இஞ்சு டேப்பை எடுத்து அளந்தேன். நாற்காலி இருபத்தஞ்சரை இஞ்சு, வாசல் இருபத்தஞ்சு. அரை இஞ்சு. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கு அரை இஞ்சு குறைகிறது. ஆத்திரத்தில் நிலையை ஓங்கி உதைத்தேன். நிலைக்கு ஒன்றும் ஆகவில்லை, என் பெருவிரல் ஒரு வாரம் வீங்கியிருந்தது. இவள் கட்டியிருந்தால் இந்த வீட்டுக்கும் உள்ளே ஒரு இஞ்சு விட்டிருப்பாள் என்று தோன்றியது. கட்டியவன் நான்.

பாய்க்குப் போன் போட்டேன். அவருக்குச் சொந்த ஊர் அதிராம்பட்டினம், பெண்டாட்டி ஊர் நீடாமங்கலம். இருபது வருஷம் சவூதியில் கதவு ஜன்னல் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது எங்கள் தெருமுனையில் பட்டறை போட்டிருக்கிறார். அந்த இருபது வருஷமும் அவர் மனைவியும் மூன்று பெண்களும் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார்கள்.

"பாய், சக்கர நாற்காலி பாத்ரூமுக்குள்ள போக மாட்டேங்குது, இடிக்குது" என்றேன்.

"எத்தன நூல் சார் இடிக்குது?"

பாத்ரூமுக்குப் போகிற நடையில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கச் சுவர் முழுக்க என்னுடைய புத்தக அலமாரி. நானும் தமிழில் மூன்று புத்தகம் எழுதியவன், நூல் அறிமுகம், நூல் வெளியீடு என்று நாலு மேடை ஏறியவன். நூல் என்று காதில் விழுந்ததும் மனுஷன் என் அலமாரியைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

"நானூறு நூல் இருக்கும் பாய்."

அந்தப் பக்கம் அறுக்கிற மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "நானூறா?" என்றார்.

"கூடவும் இருக்கலாம். எண்ணிப் பாத்ததில்ல."

"சார், நானூறு நூலுன்னா அம்பது இஞ்சு. நாலு அடிக்கு மேல வருது. நீங்க பாத்ரூம் வாசலச் சொல்றீங்களா, ரயில்வே கேட்டச் சொல்றீங்களா?"

ஏற்கெனவே வீங்கின விரல், வீங்கின மனசு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதான் எல்லாத்தையும் எடுத்துடறேன்னு சொல்றேன்ல!"

"எத சார் எடுப்பீங்க?"

"நூலத்தான்!"

"நூல எப்படி சார் எடுக்க முடியும்? அது அளவு சார்!"

அதன் பிறகுதான் விளக்கினார். ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பெயர் நூல். கொத்தனாருக்கும் மர வேலைக்காரருக்கும் தினசரி வாயில் புழங்குகிற சொல். அரை இஞ்சு என்றால் நாலு நூல். சவூதியில் மில்லிமீட்டரிலேயே காலம் தள்ளிய மனுஷன், ஊர் திரும்பியதும் நூலுக்குத் திரும்பியிருக்கிறார். முப்பத்தோரு வருஷம் இஞ்சுக்கு அர்த்தம் சொன்ன எனக்கு, அதற்குள் எட்டு நூல் இருப்பது தெரியாது. எங்கள் வீட்டில் நூல் என்றால் அவளுக்குத் தைக்கிற நூல், எனக்குப் படிக்கிற நூல். மூன்றாவதாக ஒன்று இருப்பதைப் போனில் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

அவள் தானே போய்வர வேண்டும் என்று கேட்டதையும் சொன்னேன், சாயங்காலமே பாய் வந்துவிட்டார். நடையில் நுழைந்து அலமாரியைப் பார்த்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுதானா சார் உங்க நானூறு நூலு?" எனக்கும் சிரிப்பு வந்தது. ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்திருக்கவில்லை.

சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அலமாரியை ஒருமுறை பார்த்தார், பாத்ரூம் வாசலைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துவந்து தானே ஏறி உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் தள்ளிக்கொண்டு நடையில் வந்தார். வாசலுக்கு நேரே வந்து திருப்பப் பார்த்தார். பின்பக்கம் போய் அலமாரியில் முட்டியது. முன்னால் வந்து திருப்பினார், மறுபடி முட்டியது.

"சார், வாசல நான் ரெண்டு அடி அகலப்படுத்தினாலும் அக்காவால உள்ள போக முடியாது. நடையில சேர் திரும்பவே இல்லியே. இந்த அலமாரி ஒரு அடிய முழுங்கிக்கிட்டு நிக்குது." நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லவேளை நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நாலு நூலுன்னு கரெக்டா சொல்லியிருந்தா நான் நேரா வந்து நிலைய மட்டும் இழச்சுட்டுப் போயிருப்பேன். மெய்யாலுமே உங்க நூலுதான் சார் இடிக்குது."

அத்தோடு விடவில்லை. இறங்கி, நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு நேராக வைத்து மறுபடி உட்கார்ந்து, "கையைப் பாருங்க சார்" என்றார். சக்கரத்தைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. "நீங்க சேரத்தான் அளந்தீங்க. அதத் தள்ளுற கைய அளக்கல. தானே போகணும்னுதானே அக்கா சொன்னாங்க? கை போக வேண்டாமா?" ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றரை இஞ்சு சேர்த்துச் சொன்னார். நானாகச் செய்திருந்தால் நிலையை அரை இஞ்சு செதுக்கிவிட்டு, அவள் தினமும் முட்டி தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் மர நிலையைப் பெயர்த்தெடுத்தார். இரண்டு பக்கமும் இரண்டரை இரண்டரை இஞ்சு கிடைத்தது. அந்த இடத்தில் மெல்லிசான இரும்புச் சட்டம் வைத்து, கதவு வெளிப்பக்கம் முழுசாகத் திறந்து சுவரோடு ஒட்டுகிற மாதிரி மாட்டினார். தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் கட்டியிருந்த ஒன்றரை இஞ்சுத் திட்டைக் கொத்தனாரை வைத்து உடைத்து, இரண்டு பக்கமும் சரிவாகப் பூசச் சொன்னார். உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தார். ஒவ்வொன்றையும் தானே நாற்காலியில் உட்கார்ந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவார்.

நான் புத்தகங்களை இறக்கினேன். பாதியைப் பள்ளிக்கூடத்து நூலகத்துக்குக் கொடுத்தேன், பாதியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனில் கேட்டாள்: "எனக்காக உங்க புக்கெல்லாம் வெளிய போகுதாமே? அப்ப ஒடம்பு சரியாகறதுக்கு முன்னாடியே வீடு சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க." முப்பது வருஷமாகத் தூசு தட்டித் தட்டி அலுத்தவள். சந்தோஷத்தை மறைக்கக்கூட இல்லை.

ஒருநாள் டீ குடிக்கும்போது பாயிடம் நன்றி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். வாத்தியார் பழக்கம், கொஞ்சம் நீட்டிவிட்டேன் போல. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், நான் போனப்ப என் பெரிய பொண்ணுக்கு ஆறு வயசு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வருவேன், நாப்பது நாளு இருப்பேன். என் பொண்ணுங்க வளந்தத நான் பாக்கல. அக்காதான் பாத்தாங்க. நான் அனுப்புன துணியெல்லாம் அவங்கதான் தச்சாங்க. வருஷா வருஷம் அவங்கதான் பிரிச்சு விட்டாங்க. 'இந்த வருஷம் பெரியவளுக்கு ஒரு இஞ்சு பிரிச்சாச்சு, சின்னவளுக்கு அரை இஞ்சு'ன்னு வீட்ல போன்ல சொல்லுவாங்க. நான் அங்க ரூம்ல உக்காந்து கண்ண மூடிக்கிட்டு, அம்புட்டு வளந்துட்டாளான்னு நெனச்சுப் பாப்பேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த நாலு பலகைக்குப் போயி நன்றி சொல்றீங்க."

அந்த ஒரு இஞ்சுக்கு இப்படி ஓர் அர்த்தம் இருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். எதிர்த்தாற்போல் உட்கார்ந்து அவளைத் துணி மிச்சம் பிடிக்கத் தெரியாதவள் என்று கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அன்று அந்த மனுஷனை எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் சட்டை முழுக்க மரத்தூள்.

அவளைக் கூட்டிவந்த அன்று கோரையாற்றில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி வழக்கம்போல ரயில்வே கேட்டில் நின்றது. முன்னால் பஸ், பின்னால் வைக்கோல் லாரி. "நாட் பட்ஜ் அன் இஞ்ச்" என்று அவளே சொன்னாள். நான் அவளுக்கு ஒருநாளும் பாடம் எடுத்ததில்லை. வீட்டில் நான் உரக்கப் படித்துத் தயார் செய்ததையெல்லாம் மெஷின் சத்தத்துக்கு நடுவே கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்குள் வந்ததும் முதலில் முன்னறையில் மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பார்க்க வந்த பெண்கள் நாலு பேரிடம் பேசி அனுப்பினாள். பிறகு சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அலமாரி இருந்த சுவர் வெள்ளையாக, காலியாக இருந்தது. வாசலுக்கு நேரே வந்தாள். ஒரே சுற்றில் திரும்பினாள். நான் அவள் விரல் முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் இடைவெளி இருந்தது. எதிலும் படாமல் உள்ளே போய்விட்டாள். கதவின் உள்பக்கம் பாய் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்துச் சாத்தினாள்.

அப்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

தாழ்ப்பாள் போடும் சத்தம் அது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழுந்துவிட்டால் யார் திறப்பது என்று பயந்து, இந்தக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளே வேண்டாம் என்று பாயிடம் நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கதவில் கையை வைத்துக்கொண்டு, "என்னது அது? யாரு வச்சா?" என்று கத்தினேன்.

"நான்தான் பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன்" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "உக்காந்தா கை எட்டுற மாதிரி கீழ வைக்கச் சொன்னேன். வெளியிலேருந்து காசு வச்சுத் திருகினா திறந்துக்குமாம். பயப்படாதீங்க."

"இருந்தாலும்…"

"இன்னும் அங்கதான் நிக்கிறீங்களா? போங்க அந்தப் பக்கம்."

ஐந்து மாதத்தில் அவள் என்னைப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன்.